சீட்டில் யார் பெயரோ, அவரே பொறுப்பு

2022 ஏப்ரல் 15. நம் மாவட்டத்தின் மேற்குக் கரை வீடுகளில் விசுக்கணி கண்ட காலை. மீனவத் துறைகளின் தேவாலயங்களில் பெரிய வெள்ளி. தேங்காய்ப்பட்டணத்தில் நோன்புக் காலம். ஊரெல்லாம் வழிபாட்டில் இருந்த அந்த நாளில், இந்திய விமானத் துறையில் ஏறக்குறைய 26 ஆண்டு நீடித்த உறவு ஒன்று அறுந்தது. ‘அலையன்ஸ் ஏர் இனி எங்கள் துணை நிறுவனம் இல்லை, அதன் முன்பதிவையும் விசாரிப்புகளையும் ஏப்ரல் 15 முதல் நாங்கள் கவனிக்க மாட்டோம்’ என்று ஏர் இந்தியா அறிவித்தது. ‘ஒன்பது ஐ’ என்று தொடங்கும் எண்ணில் டிக்கெட் வைத்திருப்பவர்கள் அலையன்ஸ் ஏரையே தொடர்புகொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டது.

செய்தித்தாள்களில் அது சிறிய பெட்டிச் செய்தி. இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான நிர்வாக ஏற்பாடு என்று பலரும் பக்கத்தைப் புரட்டினார்கள். அது வெறும் நிர்வாக ஏற்பாடு என்று நாம் கருதவில்லை. ஒரு பெரிய நிறுவனம் தன் பெயரைக் கொடுத்து ஒரு சிறிய நிறுவனத்தைப் பறக்க விடுகிறது. ஒரு நாள் அந்தப் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெயரை நம்பிப் பணம் கொடுத்தவர்களுக்கும், அந்தப் பெயரின் நிழலில் வேலை பார்த்தவர்களுக்கும், அந்தச் சிறு விமானத்தையே வழியாகக் கொண்ட ஊர்களுக்கும் அதன்பிறகு யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு நம் நாடு இன்னும் நேரான பதில் சொல்லவில்லை.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து இதைப் பேசக் காரணம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனால் இந்தக் கடற்கரையில் விமானத்தோடு தொடர்பில்லாத வீடு அரிது. வாப்பா துபாயில், அண்ணன் மஸ்கட்டில், மருமகன் சவூதியில் என்று குடும்பங்கள் பாதிப் பாதியாக வாழும் ஊர்கள் இவை. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, மாநில எல்லைக்கு அப்பால் இருக்கும் திருவனந்தபுரம்தான் நமக்கு விமான நிலையம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2005 ஏப்ரல் 29 அன்று தன் முதல் விமானத்தை அங்கிருந்துதான் அபுதாபிக்கு அனுப்பியது. நம் ஊர்ப் பிள்ளைகளின் உழைப்புக்கு அந்த வழித்தடம் எவ்வளவு தேவை என்று அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. ஆகவே விமான நிறுவனங்களின் ஒப்பந்தம் ஒன்று முறியும்போது அது நம் முற்றத்துச் சங்கதி.

சில மாதங்களுக்கு முன் நம் பகுதி டிராவல்ஸ் கடை ஒன்றில் ஒரு மூதாட்டி வந்து உட்கார்ந்தார். கையில் நாலாக மடித்த பிரிண்ட் தாள். வளைகுடாவிலிருந்து லீவில் வரும் மகனுக்கு மூன்று மாதம் முன்பே எடுத்த டிக்கெட். மேலே பெரிய எழுத்தில் ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர், கீழே பொடி எழுத்தில் இரண்டாம் கட்டப் பயணத்தை இயக்கும் இன்னொரு சிறிய நிறுவனத்தின் பெயர். டிக்கெட் எடுத்த நாளுக்கும் பயண நாளுக்கும் நடுவே அந்த இரண்டு நிறுவனங்களின் கூட்டு முடிந்துபோயிருந்தது. மகன் மும்பை விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்கிறான். பெரிய நிறுவனத்தின் கவுண்ட்டரில், ‘அந்த விமானத்தை ஓட்டுவது அவர்கள், அங்கே போய்க் கேளுங்கள்’ என்றார்களாம். சிறிய நிறுவனத்தில், ‘உங்கள் டிக்கெட் எங்கள் கணினியில் இல்லை, விற்றவரிடம் கேளுங்கள்’ என்றார்களாம்.

கடைப் பையன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கையை விரித்தான். அந்த மூதாட்டி தாளை மேசையில் விரித்து, பெரிய எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

“மக்களே, பைசா வாங்கினது ஆரு?”

“இந்தக் கம்பெனிதான் உம்மா.”

“அப்பம் அவன் இல்லியா பதில் சொல்லணும்?”

பையனிடம் பதில் இல்லை. மகன் கடைசியில் புதிதாக ஒரு டிக்கெட்டுக்குக் கைக்காசு போட்டு ஊர் வந்து சேர்ந்தான். பழைய பணம் திரும்பி வருவதற்குள் அவன் லீவு முடிந்துவிட்டது. யாரும் சாகவில்லை, விமானம் எதுவும் விழவில்லை, ஆகவே இது செய்தியும் ஆகவில்லை. ஆனால் அந்த உம்மா விரல் வைத்த இடத்தில்தான் நியாயம் இருக்கிறது. இந்தத் தலையங்கம் சொல்ல வருவதும் அதைத்தான்.

இந்தக் கூட்டு எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பெரிய விமானம் எல்லா ஊரிலும் இறங்க முடியாது. இறங்க முடிந்தாலும் கட்டுப்படியாகாது. எழுபது பேர் ஏறும் ஏடிஆர் போன்ற புரொப்பல்லர் விமானங்கள்தான் சிறு ஊர்களுக்குச் சரி. அவற்றை இயக்கத் தனியாக ஒரு நிறுவனம் இருந்தால் செலவு குறையும். எனவே பெரிய நிறுவனம் தன் எண்ணையும் பெயரையும் கொடுக்கும், டிக்கெட்டை விற்றுத் தரும். சிறிய நிறுவனம் விமானத்தையும் விமானிகளையும் கொடுக்கும். ‘கோட் ஷேர்’ என்று துறையில் சொல்வது இந்த வகையைத்தான். அமெரிக்காவில் இது இன்னும் இறுக்கமானது. நேர அட்டவணை, கட்டணம், விற்பனை எல்லாம் பெரியவர் கையில். சிறியவர் ஒவ்வொரு பறப்புக்கும் பேசிய கூலியைப் பெற்றுக்கொள்வார். இந்த ஏற்பாட்டில் பயணியை உரிமையோடு வைத்திருப்பது பெரியவர்தான். சிறியவருக்குச் சொந்தமாக ஒரு வாடிக்கையாளர்கூட இருக்க மாட்டார். ஒப்பந்தம் முறிந்த மறுநாள் அவரிடம் மிஞ்சுவது விமானமும், அதற்கான குத்தகைப் பாக்கியும், சம்பளத்துக்குக் காத்திருக்கும் ஊழியர்களும் மட்டுமே.

அலையன்ஸ் ஏரின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1996-இல் இந்தியன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமாகத் தொடங்கியது. 2007-இல் இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் இணைந்தபோது ஏர் இந்தியாவின் வீட்டுக்குள் வந்தது. அதன் விமானங்கள் ‘ஏஐ’ என்ற ஏர் இந்தியா எண்ணில் விற்கப்பட்டன. சிம்லாவிலும் வடகிழக்கின் மலை ஊர்களிலும் ஏறியவர்கள் தாங்கள் ஏர் இந்தியாவில் போவதாகவே நினைத்தார்கள். சிறு ஊர்களை வானில் இணைக்கும் ‘உடான்’ திட்டத்தின் முதல் விமானத்தை 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பிரதமர் தொடங்கி வைத்தாரே, அது அலையன்ஸ் ஏரின் விமானம். 2019 நவம்பர் 11 அன்று சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு வணிகச் சேவையைத் தொடங்கியதும் அதே நிறுவனம்தான். பல பத்தாண்டுகள் போரால் அடைபட்டுக் கிடந்த அந்த வான்வழியில் தமிழர்களை ஏற்றிச் சென்றது பெரிய நிறுவனத்தின் ஜெட் அல்ல, இந்தச் சிறு ஏடிஆர்.

அகத்தியை எடுத்துக்கொள்வோம். லட்சத்தீவின் அந்தத் தீவில் ஓடுபாதையின் நீளம் சுமார் 1,200 மீட்டர். இரு பக்கமும் கடல். அங்கே ஏர்பஸ் இறங்காது, ஏடிஆர்தான் இறங்கும். பல ஆண்டுகள் கொச்சியிலிருந்து அகத்திக்குப் பறந்து, அந்தத் தீவுக்கூட்டத்தை நிலத்தோடு வான்வழியில் கட்டி வைத்தது அலையன்ஸ் ஏர். பிரிவு நடந்த அந்த ஏப்ரலிலும் அங்கே போய்வந்தது அதன் விமானம்தான். லட்சத்தீவு நமக்கு அந்நியம் அல்ல. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதியின் ஆழ்கடல் விசைப்படகுகள் அந்தத் தீவுகளை ஒட்டித்தான் மீன் பிடிக்கின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் பிள்ளைகள் பலர் கரையேறி உயிர் தப்பியது அந்தத் தீவுகளில். ஈரத்தோடு வந்தவர்களுக்கு உடுதுணியும் உணவும் கொடுத்தவர்கள் அந்தத் தீவு மக்கள். அவர்களுக்கு ஒரே ஒரு சிறு விமானம் என்ன பொருள் தரும் என்பதை டெல்லியில் கோப்பு பார்ப்பவரைவிட நாம் நன்றாக அறிவோம்.

இப்போது 2022-க்குத் திரும்புவோம். 2021 அக்டோபரில் டாடா குழுமம் ரூ.18,000 கோடி ஏலத்தில் ஏர் இந்தியாவை வென்றது. 2022 ஜனவரி 27 அன்று நிறுவனம் கைமாறியது. ஏர் இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், தரைப்பணி நிறுவனமான ஏஐசாட்ஸில் பாதிப் பங்கு, இவை டாடாவுக்குப் போயின. அலையன்ஸ் ஏர் போகவில்லை. விற்காமல் மிஞ்சிய சொத்துகளுக்காக அரசு அமைத்த ‘ஏஐ அசெட்ஸ் ஹோல்டிங்’ என்ற நிறுவனத்தின் கையில் அது விடப்பட்டது. ஏப்ரல் 12 அன்று உள்நாட்டில் தயாரான டார்னியர் 228 விமானத்தைத் திப்ருகரிலிருந்து பாசிகாட்டுக்கு முதல் வணிகப் பயணமாக ஓட்டிக் காட்டியது அதே அலையன்ஸ் ஏர். மத்திய அமைச்சரே அதில் கலந்துகொண்டார். மூன்றாம் நாள் அது தாய் நிறுவனத்தின் கவுண்ட்டரிலிருந்து இறங்கி நின்றது.

டாடாவின் தரப்பையும் கேட்க வேண்டும். அவர்கள் வாங்காத நிறுவனத்தின் முன்பதிவை அவர்கள் ஏன் சுமக்க வேண்டும்? கைமாறிய பிறகும் இரண்டரை மாதம் சேவை தொடர்ந்தது. எந்த எண் உள்ள விமானத்துக்கு எங்கே கேட்பது என்றும் அறிவித்தார்கள். வணிக நியாயத்தில் இது சரி. பிரிந்தது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. எந்த ஒப்பந்தமும் ஒரு நாள் முடியும். முடிக்கும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு. ஆனாலும் ‘ஏஐ’ என்ற இரண்டு எழுத்தோடு கூடவே அவர்கள் வாங்கியது அந்த எழுத்தின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கையை. 1935-லேயே திருவனந்தபுரத்துக்குத் தபால் சுமந்து பறந்து வந்த பெயர் டாடா. அத்தகைய பெயருக்கு, சட்டம் கேட்டதற்கு ஒரு படி மேலே நின்று பயணியைக் கைப்பிடித்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும் கடமை இருந்தது. ‘அங்கே போய்க் கேளுங்கள்’ என்ற சொல் அந்தப் பெயருக்கு அழகல்ல.

ஆனால் பெரிய பழி அரசின் மேல்தான் விழுகிறது. ஏன் என்றால், அலையன்ஸ் ஏர் தனித்து நிற்கப்போகிறது என்பது அரசுக்கு 2022-இல் திடீரென்று தெரிந்த செய்தி அல்ல. 2018-இல் ஏர் இந்தியாவின் 76 சதவீதப் பங்கை விற்க முயன்றபோதே அலையன்ஸ் ஏரை அந்த விற்பனையிலிருந்து ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த முறை ஒருவரும் வாங்க வரவில்லை. அதிலிருந்து எண்ணினால் நான்கு ஆண்டு அவகாசம் இருந்தது. தாய் வீட்டுக்கு வெளியே அந்த நிறுவனத்துக்கென்று ஒரு பெயரை மக்கள் மனத்தில் பதிய வைத்திருக்கலாம். விற்பனை முறையைப் படிப்படியாகப் பிரித்திருக்கலாம். முதலீடு கொடுத்து நிமிர்த்தியிருக்கலாம். பெரியதை விற்பதில் இருந்த அக்கறை, கையில் மிஞ்சும் சிறியதை வளர்ப்பதில் இல்லை. கொரோனா காலத்துச் சம்பள வெட்டோடு நொந்திருந்த ஊழியர்கள், புதிய பெயர்ப் பலகையின் கீழ் அதே குறையோடு நின்றார்கள். பிறகு 2023-இல் ரூ.300 கோடி மூலதனம் கொடுக்க அரசு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. முன்கூட்டியே கொடுத்திருந்தால் அது முதலீடு. தள்ளாடிய பிறகு கொடுத்தபோது அது மருந்துச் செலவு.

சிறு ஊர்களின் வான்வழி நம் நாட்டில் எவ்வளவு மெலிந்த நூலில் தொங்குகிறது என்பதற்குத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை சாட்சி. உடான் திட்டத்தின் முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 371 மட்டுமே தொடங்கப்பட்டன. தொடங்கியவற்றில் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முழுதாக முடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை நிலைத்தவை வெறும் 54. மானியம் இருக்கும் வரை விமானம். மானியம் முடிந்தால் ஓடுபாதையில் புல். சேலத்துக்காரர்களுக்கு இது பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்தது. அந்த நிறுவனம் நொடித்ததோடு சேலத்து வானமும் மூடிக்கொண்டது. மீண்டும் விமானம் வந்தது 2023 அக்டோபரில்.

தூத்துக்குடியின் வரலாறும் அதேதான். வாகைக்குளத்தில் 1992-இல் வாயுதூத் வந்து சில மாதங்களில் நின்றது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 1981-இல் சேர்ந்து பெற்ற பிள்ளை அந்த வாயுதூத். வளர்க்க மனமின்றிக் கைவிடப்பட்ட முதல் சிறு நிறுவனமும் அதுவே. 2006-இல் ஏர் டெக்கான் வந்தது. அதைக் கிங்ஃபிஷர் விழுங்கியது. 2012-இல் கிங்ஃபிஷரே முடங்கியது. இன்று வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் திறந்த பெரிய முனையம் நிற்கிறது. மகிழ்ச்சி. ஆனால் கட்டடம் எழுப்பும் அக்கறை, அதில் வந்திறங்கும் விமானத்தின் தொடர்ச்சிக்கும் வேண்டும்.

வெளிநாட்டில் நடந்தவை நமக்கு இரண்டு விதமான பாடம் தருகின்றன. 2020 ஜூலையில் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம், தன் சிறு விமானங்களை ஓட்டிவந்த எக்ஸ்பிரஸ்ஜெட்டை விலக்கி அந்தப் பணியை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்தது. செப்டம்பர் 30-ஓடு எக்ஸ்பிரஸ்ஜெட்டின் பறப்பு நின்றது. ஒரு கையெழுத்து மாறியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. அதற்கு முன்பே 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கு அருகே ஒரு விமானம் வீடொன்றின்மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல். ஓட்டியது கோல்கன் ஏர் என்ற சிறு நிறுவனம். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் வாஷிங்டனில் படியேறிப் படியேறிப் போராடினார்கள். 2010-இல் சட்டம் வந்தது: டிக்கெட் விற்கும் இணையப் பக்கத்தில் முதல் பார்வையிலேயே, விமானத்தை உண்மையில் இயக்குவது யார் என்று காட்ட வேண்டும். ஐம்பது உயிர் போன பிறகுதான் அந்த நாட்டில் பொடி எழுத்து பெரிய எழுத்தானது.

அயர்லாந்தில் 2021 ஜூன் 12 அன்று வேறு விதமாக நடந்தது. ஏர் லிங்கஸின் பெயரில் சிறு விமானங்களை இயக்கிய ஸ்டோபார்ட் ஏர் ஒரே இரவில் கடையை மூடியது. ஒப்பந்தத்தை முறித்தது சிறிய நிறுவனம்தான். ஆனாலும் ஏர் லிங்கஸ் ‘எங்களுக்கு என்ன’ என்று ஒதுங்கவில்லை. சில வழித்தடங்களில் தன் விமானங்களையே அனுப்பியது. மற்றவர்களுக்கு மாற்றுப் பயணமோ பணமோ கொடுக்க முன்வந்தது. பயணிகளுக்கு வழி கிடைத்தது. வேலை இழந்த 480 பேருக்கு அந்த அளவு வழி கிடைக்கவில்லை. பெயர் கொடுத்தவர் பொறுப்பேற்க முடியும் என்பதற்கு அது சான்று. ஊழியரை யாரும் நினைப்பதில்லை என்பதற்கும் அதுவே சான்று.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வருகிறது? அனைத்துலகப் பயணங்களுக்கு 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. ஒப்பந்தம் செய்து டிக்கெட் விற்றவரும் உண்மையில் விமானம் ஓட்டியவரும் இருவருமே பொறுப்பு, விற்றவர் முழுப் பயணத்துக்கும் பொறுப்பு என்று அது சொல்கிறது. விபத்து, லக்கேஜ் இழப்பு, தாமதம் ஆகியவற்றில் பயணி இருவரில் யார்மேலும் வழக்குத் தொடரலாம். அந்த உம்மாவின் கேள்விக்கு உலகச் சட்டம் எப்போதோ பதில் எழுதிவிட்டது. உள்நாட்டில் விமானம் ரத்தானால் பணம் திரும்பத் தர வேண்டும், உரிய நேரத்தில் சொல்லாவிட்டால் பறப்பு நேரத்தைப் பொறுத்து ரூ.10,000 வரை ஈடு தர வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இருக்கிறது. ஆனால் இரண்டு நிறுவனங்கள் கூட்டை முறிக்கும்போது எத்தனை நாள் முன்னறிவிப்பு, விற்ற டிக்கெட்டுக்கு யார் பொறுப்பு, ஊழியரின் பாக்கிக்கு யார் ஜாமீன், ஒரே வழியாக இருந்த ஊருக்கு மாற்று என்ன என்பதைத் தெளிவாகச் சேர்த்துச் சொல்லும் விதி வேண்டும். 90 ஆண்டுப் பழைய விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் புதிய வாயுயான் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினால் போதாது. எளியவரின் நியாயம் அதில் ஏற வேண்டும்.

‘வணிக ஒப்பந்தத்தில் அறம் பேசலாமா?’ என்று கேட்பவர்கள் விடியற்காலையில் தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒருமுறை வரட்டும். படகு வந்து அணைகிறது. ஏலக்காரர் கூவுகிறார். மீன் வியாபாரியின் வண்டியில் ஏறிப் போய்விடுகிறது. அந்த வியாபாரி சொன்ன நாளில் பணம் தராவிட்டாலும், ஏலம் கூவியவர் படகுக்காரருக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். ‘வாங்கினது அவன், அவனைப் போய்க் கேள்’ என்று சொல்லும் ஏலக்காரரின் குரலுக்கு மறுநாள் ஒரு படகும் நிற்காது. முத்திரைத்தாள் எதிலும் அது எழுதப்படவில்லை. தன் பெயரைச் சொல்லி வாங்கியவன் தன் பெயராலேயே தீர்க்க வேண்டும் என்பது இந்தக் கரையின் வழக்கம். படிக்காத மனிதர்கள் நாள்தோறும் காக்கும் இந்த நெறியை, படித்த வக்கீல்களைக் கூட்டி வைத்திருக்கும் நிறுவனங்கள் காக்க முடியாது என்றால் அது இயலாமை அல்ல, மனமின்மை.

ஆகவே நம் தீர்ப்பு இது. ஒப்பந்தத்தை முடிப்பது உரிமை. அந்த ஒப்பந்தத்தைக் காட்டிப் பெற்ற நம்பிக்கையை வழியில் இறக்கிவிடுவது அநீதி. ஏர் இந்தியா, அலையன்ஸ் ஏர் பிரிவில் டாடா சட்டத்தை மீறவில்லை. ஆனால் பெரியவருக்கு உரிய பொறுப்பைக் காட்டவும் இல்லை. மத்திய அரசோ இரண்டு நிறுவனங்களுக்கும் உடைமையாளராக இருந்து, நான்கு ஆண்டு அவகாசமும் இருந்து, சிறியதை ஆயத்தப்படுத்தாமல் வெளியே நிறுத்தியது. அது தவறு. அந்தத் தவறின் விலையைப் பயணிகளும் ஊழியர்களும் சிறு ஊர்களும் கொடுத்தார்கள்.

இனி வரும் பிரிவுகளிலாவது இது நடக்காதிருக்க, சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் நான்கு காரியங்களை விதியாக்க வேண்டும் என்று கோருகிறோம்.

ஒன்று: கூட்டு எப்போது முடிந்தாலும், அதற்கு முன் விற்ற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் விற்றவரே முழுப் பொறுப்பு. மாற்று விமானமோ முழுப் பணமோ, எது வேண்டும் என்பதைப் பயணி முடிவு செய்யட்டும். அவரை இன்னொரு கவுண்ட்டருக்கு அனுப்பக் கூடாது.

இரண்டு: கூட்டை முறிப்பவர் குறைந்தது ஆறு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும். ஒரு தீவுக்கோ மலையூருக்கோ அந்த விமானம் மட்டுமே வழி என்றால், மாற்றுச் சேவை தொடங்கும் வரை பழைய சேவை தொடர வேண்டும். அந்த இடைக்கால நட்டத்தை அரசு ஈடுசெய்யட்டும். அகத்திக்கு மாலையில் போய்ச் சேர வேண்டிய மருந்துப் பெட்டி, இரண்டு கம்பெனிகளின் கணக்கு வழக்குக்காகக் காத்திருக்கக் கூடாது.

மூன்று: சிறிய நிறுவனத்தின் ஊழியர்களுக்கு மூன்று மாதச் சம்பளமும் சட்டப்படியான பாக்கிகளும் ஒப்பந்தம் போடும் நாளிலேயே தனிக் கணக்கில் வைக்கப்பட வேண்டும். பெரியவரின் பெயர் பொறித்த சட்டையைப் போட்டுக்கொண்டு பயணியின் பையைத் தூக்கியவருக்கு, அந்தப் பெயர் கடைசியாகச் செய்ய வேண்டிய மரியாதை அது.

நான்கு: விமானத்தை உண்மையில் இயக்குவது யார் என்பது டிக்கெட்டின் மேற்பகுதியில், நிறுவனப் பெயருக்குச் சமமான எழுத்தில், பயணியின் மொழியிலும் அச்சாக வேண்டும். திருவனந்தபுரத்தில் ஏறும் பயணிகளில் தமிழர் எத்தனை பேர் என்பது அந்த நிறுவனங்களுக்குத் தெரியாததல்ல. தமிழில் அச்சடிப்பது பெரிய செலவும் அல்ல.

நம் மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினர்களும் இதைக் கட்சிப் பிரச்சினையாக இல்லாமல் வீட்டுப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள வேண்டும். வளைகுடா நாடுகளில் நம்மவர் சிந்தும் வியர்வையில் எழுந்த வீடுகள் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து களியக்காவிளை வரை வரிசையாக நிற்கின்றன. அந்த வியர்வைக்காரனின் நாற்பது நாள் லீவில் மூன்று நாளைக் கவுண்ட்டர் கவுண்ட்டராகத் தின்ன விடுவது பொறுக்கத் தகாதது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது கடையில் உட்கார்ந்து இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த விமானத்தை ஓட்டப்போவது யார்? அவர் வராவிட்டால் எனக்குப் பதில் சொல்வது யார்? கிடைத்த பதிலை அந்தத் தாளின் பின்புறத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பணம் யார் வாங்கினாரோ அவரையே கேளுங்கள். வேறு கவுண்ட்டருக்குப் போகச் சொன்னால் போகாதீர்கள், பதிலை எழுத்தில் கேளுங்கள். அந்த உம்மா தனியாகக் கேட்ட கேள்வியை இந்தக் கடற்கரை முழுவதும் சேர்ந்து கேட்க வேண்டும்.